பத்து வயதா, பதினொன்றா? திரும்பி வந்த கால்கட்டு பில்கள்

சிங்கப்பூரில் இருந்தபடியே அமெரிக்க எலும்பு சிகிச்சை கிளினிக் ஒன்றுக்கு பில்லிங் பார்க்கிறேன். முழங்காலுக்குக் கீழே போடும் ஃபைபர்கிளாஸ் கட்டுகளில், பிள்ளைகளின் பில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பணம் கிடைக்காமல் திரும்பி வந்தது.

பில்லில் எழுதும் குறியீடு, கட்டுப் பொருளுக்கு 10 வயது வரை கியூ4040, 11 முதல் கியூ4038. கட்டுப் போடும் வேலைக்கான குறியீடு 29405 சரியாக இருந்தது. இடது கால், வலது கால் குறியீடும் சரி. எலும்பு முறிவின் குறியீட்டையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், பலனில்லை.

அப்புறம்தான் ஸ்ப்ரெட்ஷீட்டில் பிறந்த தேதிகள் கண்ணில் பட்டன. சில கட்டத்தின் வலது ஓரமாகவும் சில இடது ஓரமாகவும் நின்றன. கிளினிக் மாதத்தை முதலில் எழுதுகிறது. இங்குள்ள கணினி நாளை முதலில் படிக்கிறது. 03/09/2014, அதாவது மார்ச் 9, செப்டம்பர் 3 ஆகிவிட்டது. 2025 ஜூனில் கட்டுப் போட்ட, 11 முடிந்த பையன் 10 வயதுக் கணக்கில் போய்விட்டான். நாள் 12-ஐத் தாண்டிய தேதிகளோ வெறும் எழுத்தாக இடப்பக்கம் நின்றன. அவற்றுக்கு வயதைக் கையால் போட்டதால் தப்பின.

கிளினிக்கின் கோப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் இறக்கும்போதே பிறந்த தேதி நெடுவரிசையை மாதம்-நாள்-ஆண்டு என்று குறித்தேன். எல்லாத் தேதிகளும் வலப்பக்கம் வந்து நின்றன. திருத்தி அனுப்பிய பில்களுக்குப் பணம் வந்துவிட்டது, பெரிய நிம்மதி.