பேனா யார் கையில் இருக்க வேண்டும்? ரைட்டிங் சென்டரில் மாணவ டியூட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ரைட்டிங் சென்டர் என்று ஓர் இடம் உண்டு. கட்டுரை டிராஃப்டோடு வரும் மாணவர், டியூட்டர் எனப்படும் பயிற்சி பெற்ற இன்னொரு மாணவரோடு அரை மணியோ ஐம்பது நிமிடமோ உட்கார்ந்து பேசலாம். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மதிப்பெண் போடும் வேலையும் இல்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கிய மையம் 1994-இல் இணையத்துக்கும் வந்தது. மேற்கோள் காட்டும் முறை தேடி அதன் பக்கங்களைத் திறந்த தமிழ் மாணவர்கள் ஏராளம். இத்தகைய மையங்களில் டியூட்டராகப் புதிதாகச் சேர்கிறவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

முதல் சறுக்கல், டிராஃப்டைக் கையில் வாங்கியதும் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்குவது. கமா சரிசெய்த பத்தி அடுத்த டிராஃப்டில் இருக்குமா என்பதே தெரியாது. மாணவருக்கோ, ஏன் திருத்தினார்கள் என்றே புரியாமல் போகும். அடுத்த கட்டுரையில் அதே பிழை திரும்ப வரும். தாள் மாணவர் முன்னால் இருக்கட்டும், கீபோர்டும் அவர் பக்கமே. நீங்கள் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கூகுள் டாக்ஸ் என்றால் கமென்ட் போடும் அனுமதி மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அசைன்மென்ட் தாளைப் பார்க்காமல் தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு. ‘கிராமர் மட்டும் பார்த்தால் போதும்’ என்றுதான் பலரும் வருவார்கள். கேள்வி ‘அனலைஸ்’ என்று கேட்டிருக்க, டிராஃப்ட் முழுக்கக் கதைச்சுருக்கமாக இருந்தால், எத்தனை கமா திருத்தினாலும் பயனில்லை. தொடங்கிய ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: கேள்வித்தாள் எங்கே, எப்போது கொடுக்க வேண்டும், இன்று எதைப் பார்க்க விரும்புகிறார். நாளைக் காலை கெடு என்றால் கட்டுரையின் அமைப்பையே கலைக்கச் சொல்வது கொடுமை. பத்து நாள் இருக்கிறது என்றால் அதைச் சொல்லாமல் விடுவது தவறு.

நேரக் கணக்கு பலருக்குத் தப்பிவிடுகிறது. இரட்டை இடைவெளி விட்ட ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 250 முதல் 300 சொற்கள் இருக்கும். வாய்விட்டுப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். எட்டுப் பக்கம் என்றால், எங்கும் நிறுத்தாமல் படித்தாலே பதினாறு நிமிடம். நிறுத்தி நிறுத்திப் பேசினால் மூன்றாம் பக்கத்தில் நேரம் முடிந்துவிடும். ஆகவே முன்னுரையையும் மாணவர் திணறும் இரண்டு பத்திகளையும் மட்டும் படியுங்கள். மாணவரே படிப்பது நல்லது, நாக்கு இடறும் இடம் அவருக்கே தெரியும். மற்றப் பத்திகளுக்கு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் அவற்றைச் சேர்க்கலாம். ஒரு பத்தி ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்றால் பிரிக்கலாம்.

இனி, அதிகம் பேசப்படாத தவறு. ‘நாம் திருத்தக் கூடாது’ என்ற பாடத்தை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் கேள்வி மட்டுமே கேட்பது. ஆங்கிலத்தில் வளர்ந்தவரிடம் ‘கேட்க எப்படி இருக்கிறது?’ என்றால் காது பதில் சொல்லும். தமிழிலிருந்து வந்தவரிடம் அந்தக் கேள்வி வீண். ‘வி டிஸ்கஸ்டு அபவுட் தி ரிசல்ட்ஸ்’ என்பது அவர் காதுக்குச் சரியாகவே இருக்கும். ‘முடிவுகளைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் அங்கே ‘அபவுட்’ ஆகி நிற்கிறது. ‘டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபவுட் வராது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பத்து விநாடி வேலை. ‘ஏ’, ‘தி’ விஷயமும் அப்படித்தான். தமிழில் ‘தி’க்கு நேரான சொல் இல்லை, ‘ஏ’க்கு ‘ஒரு’ இருந்தாலும் எல்லா இடத்திலும் வராது. முதன்முறை சொல்லும்போது ‘ஏ சர்வே’, அதையே மறுபடி குறிக்கும்போது ‘தி சர்வே’ என்று விளக்குங்கள், விதிவிலக்குகள் பிறகு. பக்கத்துக்குப் பதினைந்து பிழை இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் ஒன்றிரண்டு வகையை மட்டும் எடுங்கள். முதல் இரண்டு இடங்களை நீங்கள் காட்டுங்கள், அடுத்த பத்தியில் மூன்றாவதை அவர் தேடட்டும். அவர் அதைக் கண்டுபிடிக்கும்போதுதான் பாடம் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

மூலத்தில் நாலைந்து சொல்லை மட்டும் மாற்றி ஒட்டிய பத்தி கண்ணில் பட்டால் திருட்டு என்று பாயாதீர்கள், கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். பெரும்பாலும் மூலம் சரியாகப் புரியாததே காரணம். மூலத்தை மூடிவைக்கச் சொல்லி, ‘இவர் என்ன சொல்கிறார்?’ என்று கேளுங்கள். வாயால் சொன்னதை எழுதச் சொல்லி, பிறகு மூலத்தைத் திறந்து சரிபார்க்கட்டும். சொந்தச் சொல்லில் எழுதினாலும் மேற்கோள் குறிப்பு கட்டாயம்.

என்ன மதிப்பெண் வரும் என்று ஊகம் சொல்லாதீர்கள். பேராசிரியரைக் குறை சொல்வதும் வேண்டாம்.

கடைசி ஐந்து நிமிடத்தைப் பேச்சு விழுங்க விடாதீர்கள். வீட்டில் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை, எது முதலில் என்ற வரிசையோடு, மாணவரே தன் கையால் எழுதட்டும். அமர்வு பற்றிய குறிப்பை அவர் சம்மதம் இல்லாமல் பேராசிரியருக்கு அனுப்பாதீர்கள்.