குஞ்சும் குட்டியும்: பிள்ளைகளோடு நிறந்தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் நிறந்தீட்டும் படங்கள் வந்து சேரும். கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு, செம்மறிக்குட்டி, முயல்குட்டி என்று இளவேனில் படங்கள்தான் அதில் கூடுதல். நாலு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கிறேயனைப் போட்டுவிட்டு எழும்பினால் "இவனுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். தாளையும், தாள் கிடக்கிற இடத்தையும், நிறம் எடுத்துக் கொடுத்த வரிசையையும் முதலில் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படத்தைத் தெரிவதிலேயே முதல் தவறு. தாய்க்கோழி, ஏழெட்டுக் குஞ்சு, வேலி, பூ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒரே ஏ4 தாளில் இருந்தால் சின்னக் கைக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. மூன்று, நாலு வயதுக்குத் தாள் நிறைய ஒரே ஒரு குஞ்சு போதும். அதன் கோடு 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால், நிறம் கொஞ்சம் வெளியே போனாலும் உருவம் நிற்கும். இறகு, புல், பூவிதழ் போன்ற நுணுக்கங்களை ஐந்து, ஆறு வயதுக்கு வையுங்கள்.

கிறேயனுக்கும் கலர் பென்சிலுக்கும் சாதாரண 80 கிராம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை) போட்டோக்கொப்பித் தாள் தாங்கும். நீர்வர்ணம் பட்டால் அதே தாள் நெளிந்து, தேய்த்த இடம் பஞ்சாக எழும்பும். நீர்வர்ணத்துக்கு 160 கிராமுக்குக் குறையாத தடித்த தாள் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மை தெளிக்கிற இங்க்ஜெற் பிறின்ரரில் எடுத்த படத்தில் ஈரம் பட்டால் பெரும்பாலும் கறுப்புக் கோடு கரைந்து, மஞ்சள் குஞ்சு சாம்பல் குஞ்சாகிவிடும். போட்டோக்கொப்பியில் மைத்தூள் வெப்பத்தால் தாளோடு உருகி ஒட்டுவதால் கரையாது. அதனால் ஒரு பிரதி பிறின்ற் எடுத்து, மற்றதைப் போட்டோக்கொப்பி போடுங்கள்.

நிலத்தில் பனையோலைப் பாயை விரித்து அதன்மேல் தாளை வைப்பது நம் வழக்கம். ஆனால் கிறேயனை அழுத்தியதும் பாயின் பின்னல் அப்படியே தாளில் ஏறும். குஞ்சின் வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். சொரசொரப்பான சீமெந்து நிலமும் இதையே செய்யும். பழைய கொப்பி மட்டையையோ ஒரு பலகையையோ கீழே வைத்து, தாளின் நாலு மூலையையும் செலோரேப்பால் ஒட்டிவிடுங்கள். மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காது, பிள்ளை ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு போராடவும் தேவையில்லை.

அதிகம் பிழைப்பது நிற வரிசையில். கறுப்பையோ கடும் பச்சையையோ முதலில் பூசிவிட்டு மஞ்சளுக்கு வந்தால், மஞ்சள் கிறேயனின் நுனி அந்தக் கறுப்பை இழுத்துக்கொண்டு போய்க் குஞ்சின் உடம்பெல்லாம் தடவும். இளநிறம் முதலில், கடுநிறம் கடைசியில். குஞ்சுக்கு முதலில் மெல்லிய மஞ்சள், பிறகு வயிற்றின் கீழும் செட்டையின் கீழும் செம்மஞ்சள், கடைசியாகக் கண். நிழலுக்கு மஞ்சளின்மேல் கறுப்புப் பூசினால் அழுக்குப் பச்சை போலத் தெரியும். செம்மஞ்சளோ மண்ணிறமோதான் பொருந்தும். முதல் பூச்சிலேயே அழுத்துவதும் கூடாது. மெழுகு தாளின் நுண்பள்ளங்களை நிரப்பிவிட்டால் அடுத்த நிறம் வழுக்கும். அதே காரணத்தால் கலர் பென்சிலுக்கு மேல் கிறேயன் பிடிக்கும், கிறேயனுக்கு மேல் கலர் பென்சில் சரியாகப் பிடிக்காது.

வெள்ளைச் செம்மறிக்குட்டிதான் பெரியவர்களையும் தடுமாற வைப்பது. வெள்ளைத் தாளில் வெள்ளை எப்படித் தெரியும்? குட்டியை விட்டுவிட்டு, சுற்றியுள்ள புல்லையும் வானத்தையும் முதலில் பூசுங்கள். குட்டி தானாக எழுந்து நிற்கும். வயிற்றுப் பக்கம் இளநீலத்தில் நாலு கோடு போதும். தடித்த தாள் இருந்தால் இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. வெள்ளைக் கிறேயனால் சுருள் சுருளாக அழுத்தி வரைந்து, மேலே தண்ணீர் கலந்த இளநீல நீர்வர்ணத்தை ஒரே இழுப்பில் பூச வேண்டும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாததால் சுருள் கம்பளி வெள்ளையாக வெளிவரும். வர்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும், கவனம்.

சித்திரை வெயிலில் கிறேயன் இளகும். யன்னலோரத்தில் வைத்தால் கையில் அப்பும். உள்ளங்கை வியர்வையும் நிறத்தை இழுக்கும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்தால் தீரும். கலர் பென்சிலைச் சீமெந்தில் விழ விடாதீர்கள். உள்ளே கூர் பல துண்டாக உடைந்து, சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும்.

உடைந்த கிறேயனை எறிய வேண்டாம். 2, 3 சென்ரிமீற்றர் துண்டை முழுக்கையால் பொத்திப் பிடிக்க இடமில்லை. பிள்ளை விரல் நுனியால்தான் பிடிக்கும், எழுதும் பிடிக்கு அது நல்ல பழக்கம். ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் துண்டு கொடுக்கக்கூடாது, வாயில் போட்டு விழுங்கிவிடும். அவர்களுக்குத் தடித்த முழுக் கிறேயன், பக்கத்தில் ஒரு பெரியவர்.

"குஞ்சு மஞ்சள்தானே, ஏன் கறுப்பு அடிக்கிறாய்?" என்று திருத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. பிள்ளை முற்றத்தில் பார்க்கும் ஊர்க்கோழிக் குஞ்சுகளில் கறுப்பும் உண்டு, மண்ணிறத்தில் வரி போட்டதும் உண்டு. நம்மூர்ச் செம்மறிக்குப் படத்தில் உள்ளது போலச் சுருள் கம்பளி இல்லை, குட்டையான மயிர்தான். படத்திலுள்ள பச்சைப் புல்வெளி குளிர்நாட்டு வசந்தத்தினுடையது. இங்கே மாரி மழைக்குப் பிறகுதான் புல் பச்சை, சித்திரையில் வைக்கோல் நிறம். நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பார்த்துவந்த பிள்ளை குதிரைக்குட்டிக்கு எந்த மண்ணிறத்தை எடுத்தாலும் விடுங்கள். தன் கண்ணால் கண்டதைத்தான் அது பூசுகிறது.

கையைப் பிடித்துப் பூசிக் கொடுப்பதும் வேண்டாம். பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு பிரதி வைத்து, மயிர் வளரும் திசையில் சிறு கோடாகப் பூசிக் காட்டுங்கள். பிள்ளை பார்த்துப் பிடித்துக்கொள்ளும். நாலு வயதுக்கு ஒரு தடவையில் 10, 15 நிமிடம் போதும், மிச்சத்தை நாளைக்கு வைக்கலாம்.

முடித்த கிறேயன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மெழுகு மற்றத் தாளில் ஒட்டும். இடையில் வெறும் வெள்ளைத் தாள் வையுங்கள். பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை ஏறிவிடும். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், வயது, திகதி.