வெலிகமவில் ஒரு சனி ஞாயிறு: காலையில் அலை, இரவில் ஆட்டம்

கொழும்பில் வேலை செய்யும் ஆறு நண்பர்களுக்கு ஒரே சனி ஞாயிறு ஓய்வாகக் கிடைப்பதே பெரிய விஷயம். அப்படிக் கிடைத்தாலும் ஒருவர் எல்ல என்பார், இன்னொருவர் நுவரெலியா என்பார். வெள்ளி இரவு வரை வாட்ஸ்அப்பில் இழுபறி நடக்கும். கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு கொத்து ரொட்டியோடு கதை முடியும்.

எங்கள் கூட்டத்தில் அந்த இழுபறியை முடித்து வைத்தது இலங்கையின் தென் கரையிலுள்ள வெலிகம. அலைச்சறுக்குப் பலகையைத் தொட்டே பார்க்காதவர்கள் இரண்டே நாளில் எழுந்து நிற்கலாம். இரவில் பாட்டும் சாப்பாடும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை நாங்கள் வெள்ளி இரவே போய் இறங்கி, இரண்டு மணி வரை ஆடிவிட்டு, காலை எட்டு மணிக்குக் கடலில் இறங்கினோம். ஒருவன் உப்புத் தண்ணீரோடு முதல் நாள் சாப்பாட்டையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தான். மற்றொருவன் பலகையில் குப்புறப் படுத்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் இந்தச் செய்முறை.

படி 1: திகதியைத் தேர்ந்தெடுங்கள் (போயாவைப் பார்த்து!)

தென் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கி, அலை ஒழுங்கில்லாமல் வரும். அந்த மாதங்களில் அலைச்சறுக்குக்காரர்கள் கிழக்கே பொத்துவில் பக்கம், அறுகம்பேக்குப் போய்விடுவார்கள். அறுகம்பே அருமையான இடம்தான், ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும். இரண்டு நாள் லீவுக்கு அது சரிவராது.

அடுத்தது போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாள். நீண்ட வாரஇறுதி கிடைக்கிறதே என்று துள்ளிக் குதித்து முற்பதிவு செய்வோம். அந்த நீண்ட லீவு கிடைத்ததே பெரும்பாலும் போயா வந்ததால்தான் என்பது அப்போது மனதில் ஏறாது. போயா நாளில் நாடு முழுக்க மதுபான விற்பனைக்குத் தடை. எங்கள் இரண்டாவது பயணத்தில் சனிக்கிழமையே போயா. ஆறு பேரும் கடற்கரையில் வட்டமாக உட்கார்ந்து செவ்விளநீர் குடித்தோம். நிலா அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: ஏன் வெலிகம என்று புரிந்துகொள்ளுங்கள்

சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல், ‘கம’ என்றால் ஊர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்த விரிகுடாவின் அடித்தளம் மணல், அதுவும் மெல்லச் சரிந்து போகும் மணல். அலையின் அடிப்பகுதி தரையில் உரசும்போதுதான் அலை உடையும். தரை சட்டென்று உயர்ந்தால் அலையும் சட்டென்று மடிந்து, சுவர்போல ஆளின் மேல் விழும். தரை மெல்ல உயர்ந்தால் அலை மெல்ல உடைந்து, நுரையாகி, கரை வரை நீளமாக உருண்டு வரும். அந்த நுரை அலைதான் உங்கள் பள்ளிக்கூடம். விழுந்தாலும் கீழே பாறை இல்லை, மணல்தான்.

பக்கத்தில் மிதிகமவிலும் மிரிஸ்ஸவிலும் பெயர்பெற்ற அலைகள் உண்டு. அவை பாறைத் திட்டுகளின் மேல் உடைபவை. “அங்கே ஆட்கள் குறைவு, வாருங்கள்” என்று யாராவது அழைத்தால் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அஹங்கமவின் கபாலன கடற்கரை மணல்தான் என்றாலும் அலைக்கு வேகம் அதிகம். அதை மூன்றாம் நான்காம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: போய்ச் சேர்தலும் தங்குதலும்

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறைப் பக்கம் போகும் கரையோர ரயிலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், வழியெல்லாம் கடல். வாகனம் என்றால் தெற்கு அதிவேகப் பாதையில் கொக்மாதுவையில் வெளியேற வேண்டும். அதிவேக பஸ்ஸில் வருபவர்கள் மாத்தறையில் இறங்கி, காலி நகரை நோக்கிப் போகும் சாதாரண பஸ்ஸில் திரும்பி வரலாம்.

அறையை வெலிகமக் கடற்கரைப் பக்கம் எடுங்கள். இரவு ஆட்டத்துக்கு மிரிஸ்ஸ போகப் போகிறோம், அங்கேயே தங்கினால் என்ன என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். ஆட்டம் ஒரு இரவுதான், கடல் இரண்டு காலை. காலையில் எழுந்து பத்தடி நடந்தால் மணல் என்ற நிலை இல்லாவிட்டால் பாதிப் பேர் கட்டிலைவிட்டு எழமாட்டார்கள். மிரிஸ்ஸ ஐந்தாறு கிலோமீற்றர்தான், முச்சக்கர வண்டி போதும்.

வெள்ளி இரவு போய்ச் சேர்பவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

படி 4: பையில் என்ன வைப்பது

உடம்போடு ஒட்டிய கைநீள மேற்சட்டை ஒன்று அவசியம். பலகையில் வயிறும் நெஞ்சும் உரசி உரசி, வெறும் மேலோடு போனவன் மாலையில் சட்டை போட முடியாமல் அலைவான். கீழே நாடா வைத்து இறுக்கிக் கட்டக்கூடிய காற்சட்டை. பெண்கள் முழங்கால் வரை அல்லது கணுக்கால் வரை இறுக்கமான டைட்ஸ் அணிந்தால் வெயிலுக்கும் உரசலுக்கும் நல்லது. முகத்துக்கு வெள்ளையாகப் பூசும் சிங்க் கிரீம் வாங்குங்கள், சாதாரண சன்ஸ்கிரீன் கடலில் சீக்கிரம் கழுவிப்போகும். மூக்குக் கண்ணாடியைக் கரையில் கழற்றி வையுங்கள். என்னுடைய ஒன்று இன்னமும் வெலிகமக் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

படி 5: பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை

கடற்கரை நெடுகப் பலகைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு பலர் பாடம் நடத்துகிறார்கள். பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? இரண்டு பேர் என்றால் நல்லது, மூன்றுக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். தண்ணீருக்குள் கூடவே வருவாரா, கரையில் நின்று கத்துவாரா? பாடம் முடிந்த பிறகு பலகையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பழகலாமா?

பலகை எட்டிலிருந்து ஒன்பதடி, மேல்பக்கம் மென்மையானதாக இருக்கட்டும். கடைசியில் ஒரு சிறிய, பளபளக்கும் பலகை உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அது வேண்டாம். பெரிய பலகைதான் மிதக்கும், ஆட்டம் குறைவு, அலையைச் சுலபமாகப் பிடிக்கும். நீந்தத் தெரியாதவர்கள் அதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்றுநர் கைக்கெட்டும் தூரத்தில் அவர்களும் பழகலாம், ஆனால் பலகையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கக்கூடாது.

ஒரு சின்ன மொழிக் குறிப்பு. பயிற்றுநரை எல்லோரும் “அய்யா, அய்யா” என்று கூப்பிடுவதைக் கேட்டு, இவ்வளவு மரியாதையா என்று நினைத்துவிடாதீர்கள். சிங்களத்தில் அது அண்ணா.

படி 6: மணலில் இருபது தடவை

கடலில் இறங்குமுன், பலகையில் எழுந்து நிற்பதை மணலில் இருபது தடவை பழக வேண்டும். இதைத் தாவிப் போக எல்லோருக்கும் ஆசை. தாவாதீர்கள்.

முதலில் எந்தக் கால் முன்னால் என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடி நில்லுங்கள், நண்பர் பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் காலை எடுத்து வைத்தீர்களோ அதுதான் பெரும்பாலும் முன்கால். மற்றதில் லீஷைக் கட்டுங்கள். பலகையையும் உங்களையும் பிணைக்கும் கயிறு அது.

இப்போது பலகையில் குப்புறப் படுங்கள். பாதங்கள் சேர்ந்து வால் பக்கம், உடம்பு சரியாக நடுக்கோட்டில். உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில், பலகையின் மேல் தட்டையாக ஊன்றுங்கள். ஓரங்களைப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் பலகை சாயும். பார்வை முன்னால். கையை ஊன்றி நெஞ்சை மேலே தள்ளி, அதே வேகத்தில் முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். பின்கால் அதைத் தொடர்ந்து வந்து உட்காரும். பாதங்கள் குறுக்காக, தோளகலம் விட்டு, முழங்கால் மடிந்து இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் மனம் மாறி நின்றதுபோல ஒரு நிலை.

தொடக்கக்காரர் செய்யும் பிழைகள் இரண்டுதான் என்பேன். ஒன்று, முழங்காலில் நின்றுவிட்டு அதன் பிறகு எழுவது. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம். மற்றது, எழுந்தவுடன் தன் காலைக் குனிந்து பார்ப்பது. கால் அங்கேயேதான் இருக்கும், எங்கும் போகாது. கரையில் ஒரு தென்னை மரத்தைக் குறி வைத்து அதையே பாருங்கள். தலை குனிந்தால் உடம்பும் அதைத் தொடர்ந்து கீழே போகும்.

படி 7: தண்ணீரில்

பலகையை உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் வைக்காதீர்கள். அலை அதைத் தூக்கி நேராக முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் பிடித்து, பலகையின் மூக்கு (முன்முனை) அலையைப் பார்த்தபடி நடந்து உள்ளே போங்கள். இடுப்பளவு ஆழம் போதும். இயன்றவரை காலையிலேயே இறங்குங்கள், காற்று குறைவாக இருக்கும், அலையும் ஒழுங்காக வரும்.

கரையைப் பார்க்கத் திருப்பிப் படுத்துக்கொள்ளுங்கள். பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தெரிய வேண்டும். அதிகம் முன்னால் படுத்தால் மூக்கு குத்திக் குப்புறக் கவிழ்வீர்கள், அதிகம் பின்னால் போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். நுரை அலை நெருங்கும்போது நான்கைந்து தடவை கையால் நன்றாக வலியுங்கள். பயிற்றுநரும் பின்னாலிருந்து தள்ளுவார். வால் மெல்லத் தூக்கும், பலகை தானாக ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம் நிலைத்த பிறகு எழுங்கள். எல்லோரும் அதற்கு ஒரு நொடி முன்னதாகவே எழுந்து விழுகிறார்கள். நானும்தான்.

விழவும் தெரிந்திருக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் தலை கீழாகப் பாயக்கூடாது. பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ தட்டையாக, கை காலை விரித்து விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். லீஷ் இழுத்த பலகை ரப்பர்போலத் திரும்பி வரும்.

வெலிகமவில் கூட்டம் அதிகம், இதை மறைக்கப் போவதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் அந்த அலையை விட்டுவிடுங்கள், அடுத்தது இருபது விநாடியில் வரும். கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். பலகையை விடாமல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், அல்லது கையை உயர்த்தி உதவி கேளுங்கள். பலகைதான் உங்கள் மிதவை.

சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம், மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொரு தடவை. நடுவில் சோறு, கட்டாயத் தூக்கம்.

படி 8: சனி இரவு

சூரியன் மறைந்ததும் குளித்து மிரிஸ்ஸ போங்கள். கடற்கரை மணலிலேயே மேசை போட்டு, அன்று வந்த மீனைப் பனிக்கட்டியில் பரப்பி வைத்திருப்பார்கள். நீங்கள் காட்டுவதை நிறுத்துச் சுட்டுத் தருவார்கள். நிறுக்கும்போதே விலையைக் கேளுங்கள், தட்டு மேசைக்கு வந்த பிறகு கேட்பது வீண். சாப்பாடு முதலில், மற்றதெல்லாம் பிறகு. நாள் முழுக்கக் கடலில் கிடந்த உடம்பில் வெறும் வயிற்றோடு பியர் இறங்கினால் ஒன்பது மணிக்கே ஆட்டம் முடிந்துவிடும்.

ஒவ்வொரு கிழமையும் கூட்டம் சேரும் இடம் வேறு. காலையில் உங்கள் பயிற்றுநரிடம் கேட்டால் இன்றைக்கு எங்கே என்று சரியாகச் சொல்வார், அவரும் அங்கேதான் இருப்பார். வெறும் காலோடு மணலில் ஆடுவதற்கு நல்ல செருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் கூட்டத்தின் சட்டங்கள் நான்கு. ஒருவர் குடிக்காமல் இருப்பார், முறை வைத்து. அவரிடம்தான் எல்லோருடைய பொதுப் பணமும் அறைச் சாவியும். வாடகை மோட்டார் சைக்கிளை இரவில் தொடுவதில்லை, முச்சக்கர வண்டிக்காரரோடு திரும்பும் நேரத்தையும் கூலியையும் போகும்போதே பேசிவிடுவோம். இரவில் யாரும் கடலில் இறங்குவதில்லை, முழங்கால் நனையும் அளவுக்குக்கூட. சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே திரும்புகிறோம், பெண்கள் தனியாக வண்டி ஏறுவதில்லை. இருபத்தொரு வயது நிரம்பாத தம்பி தங்கைகள் கூட வந்தால் அவர்களுக்கு இந்நாட்டுச் சட்டப்படி மது விற்க முடியாது, சோடாவோடு ஆடட்டும்.

ஆட விருப்பமில்லாதவர்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. அவர்களை இழுக்காதீர்கள். வெலிகமவில் ஒரு ரொட்டிக் கடையும் கரம் போர்டும் கிடைத்தால் அவர்கள் இரவும் நன்றாகவே போகும்.

படி 9: ஞாயிறு

ஒன்பது மணிக்கு முன் யாரையும் எழுப்பாதீர்கள். பிளேன்டீ, முட்டை அப்பம், நிறையத் தண்ணீர். தலை இன்னும் சுற்றுகிறவர் கரையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கட்டும், அந்த வேலைக்கும் ஆள் வேண்டும். நீந்தத் தெரிந்த மற்றவர்கள் பயிற்றுநர் இல்லாமல் பலகை மட்டும் வாடகைக்கு எடுத்து, நேற்று நின்ற அதே நுரை அலையில் நில்லுங்கள். எடுக்கும்போதே பலகையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்டால் அந்தப் படம் பேசும்.

சனியன்று திரும்பத் திரும்ப விழுந்தவர் பலர் ஞாயிறன்று திடீரென்று நிற்பார்கள். ஏனென்று எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது, தூக்கத்தில் உடம்பு பாடம் படித்துவிடுகிறது போல.

திரும்பும் ரயிலுக்கு நேரத்தோடு போங்கள், ஞாயிறு பின்னேரம் இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். பைகளை மேல்தட்டில் வைக்க, கடலில் இறங்காமல் வீடியோ எடுத்தவரைக் கூப்பிடுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் கை தோளுக்கு மேலே எழும்பாது.