“இழுவை” என்று எழுதும் முன்: வாசிப்புக் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் இருந்துகொண்டு 6 வருடமாக ஒரு வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் இருக்கிறேன். மாதம் ஒரு நாவல், கடைசி ஞாயிறு இரவு கூகுள் மீட்டில் பேச்சு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவர் நாவலைப் பற்றிக் குழுவில் எழுதிய எதிர்வினையைப் படித்தபோது, முதல் வருடம் நான் எழுதியதையே யாரோ திரும்ப எடுத்துக் கொடுத்தது போல இருந்தது. முடிவை உடைக்காதீர்கள், படிக்காமல் எழுதாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

கதைச் சுருக்கம்

வேண்டாம். எல்லோரும் அதே நாவலைத்தான் படித்திருக்கிறார்கள்.

எதிர்வினை என்று தீர்ப்பு எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ எடுத்திருந்த மாதம் அது. 1963இல் வந்த நாவல். நீலகிரிப் படகர் சமூகத்தின் வாழ்க்கையையும், தேயிலையும் மின் திட்டமும் மலைக்கு வந்தபோது அது மாறிய விதத்தையும் சொல்வது. நூறு பக்கம் தாண்டியதும் நான் குழுவில் போட்டேன்: “ஆரம்பம் ஒரே இழுவை. சடங்கு சம்பிரதாயமாகவே போகிறது. பாதியை வெட்டியிருக்கலாம்.” நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

குழுவில் பக்கத்து ஹட்டியை (படகர் ஊர்களை அப்படித்தான் சொல்வார்கள்) சேர்ந்த படகப் பெண் ஒருவர் இருந்தார். அந்த மாதம் அவர் எதுவும் எழுதவில்லை, கூகுள் மீட்டுக்கும் வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன். தேயிலை வைக்கும் முன் அவர்கள் நிலத்தில் என்ன விளைந்தது, எந்தக் குறிஞ்சி பூத்தபோது வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆனது என்று பாட்டியிடம் கேட்டு முக்கால் மணி நேரம் ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தாராம். நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது, பாட்டிக்கு அதுதான் காலண்டர். “நீங்க இழுவைனு எழுதினதைப் பார்த்ததும், எங்க வீட்டு விஷயத்தை இங்க எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன் அக்கா” என்றார். அப்புறம் ஃபோனில் இடம் போதாமல் அந்தப் பதிவையும் அழித்துவிட்டாராம்.

உண்மையில் எனக்கு நடந்தது வேறு. அந்தச் சடங்குகளில் வரும் சொற்கள் எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் இதே மலையில் இருந்தும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஹட்டியில் எந்தப் பண்டிகை எதற்கு என்று தெரியாமல் இருந்திருக்கிறேனே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை எழுதியிருந்தால் அதுதான் எதிர்வினை, அந்தப் பெண்ணும் பதில் எழுதியிருப்பார். நான் அதை மறைத்து, பழியை நாவல் மேல் போட்டேன்.

அதனால், “இழுவை”, “யதார்த்தமில்லை”, “தேவையில்லாத வர்ணனை” என்று கை போகும்போது நிறுத்துங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள், அதற்கு முந்தைய வரி என்ன, அப்போது உங்களுக்குள் என்ன ஓடியது என்று பாருங்கள். சலிப்பு என்றால் சலிப்பு என்றே எழுதலாம், தப்பே இல்லை, ஆனால் எந்த இடத்தில், ஏன் என்று சேர்த்து எழுதுங்கள். பக்க எண்ணும் கொடுத்தால் மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பேச வருவார்கள்.

மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுத உட்காருவது

ஒரு ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. வேறு வழியில்லாமல் நோட்டில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நீண்ட உரையாடலைக் கிளப்பியது அதுதான். இப்போதெல்லாம் எழுதி முடிக்கும்வரை குழுவைத் திறப்பதே இல்லை.

பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது

உங்கள் சொந்த வரி ஒன்றாவது கூட இருக்கட்டும்.

குரல் பதிவு

மழை நாளில் இங்கே பாதிப் பேருக்கு இறங்குவதே இல்லை. தட்டச்சு செய்யச் சிரமம் என்றால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம்.