சீன வாசிப்பில் கண் அசைவை அளக்கும் சோதனையை வடிவமைப்பது எப்படி?

சீன மொழியில் அச்சிட்ட பக்கத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஒரே அளவுச் சதுரங்களாக அடுத்தடுத்து நிற்க, ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவரே கண்டுகொள்கிறார். அதை அவர் எவ்வாறு செய்கிறார் என்று ஆராய விரும்பும் மாணவர், கருவியைத் தொடுவதற்கு முன் வாக்கியங்களைச் செம்மைப்படுத்த வேண்டும். இத்தகைய சோதனைகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அதிகம் புழங்கும் சொல்லில் கண் குறைவான நேரமே நிற்கிறதா என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டெழுத்துச் சொற்களை இணை இணையாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்று அடிக்கடி வருவது, மற்றது அரிது. புழக்க அளவுக்கு, திரைப்பட வசன வரிகளிலிருந்து தொகுக்கப்பட்டு 2010இல் வெளியான சப்ட்லெக்ஸ் தரவுத்தளம் உதவும். இணையின் இரு சொற்களிலும் எழுத்துகளின் கோட்டு எண்ணிக்கையும், அவ்வெழுத்துகளின் தனிப் புழக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில், கண் தயங்கியது சொல்லுக்காகவா, சிக்கலான எழுத்துக்காகவா என்று சொல்ல இயலாது.

இரு சொற்களும் பொருந்தும் ஒரே வாக்கியத்தை அமைத்து, இலக்குச் சொல்லை வரியின் நடுப்பகுதியில் வையுங்கள். அதற்கு முந்தைய பகுதியை மட்டும் வேறொரு குழுவினரிடம் தந்து நிரப்பச் சொன்னால், சொல் ஊகிக்கத்தக்கதா என்பது தெரிந்துவிடும். எல்லைக் குழப்பத்தையும் சோதியுங்கள். ‘ஹுவா ஷெங் ஜாங்’ என்ற மூன்றெழுத்துத் தொடரில் முதல் இரண்டும் சேர்ந்தால் நிலக்கடலை. பின்னிரண்டும் சேர்ந்தால் வளர்தல், அப்போது முதலெழுத்து தனித்து நின்று பூவாகிறது. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சொல்லெல்லை குறிப்பதில் வேறுபடுவதுண்டு. ஆகவே அகராதியை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து.

ஒவ்வொரு வாக்கியமும் ஒரே வரியில் திரையில் தோன்றட்டும். ஒருவர் ஓர் இணையில் ஒரு சொல்லை மட்டுமே பார்க்க வேண்டும். கருத்தூன்றி வாசிப்பதற்காக இடையிடையே பொருள் சார்ந்த கேள்விகளைக் கேளுங்கள்.

கண் நிற்கும் எழுத்துக்கு இடப்புறம் ஓர் எழுத்தும் வலப்புறம் ஏறத்தாழ மூன்று எழுத்துகளும் வரைதான் சீன வாசகர் பயனுள்ள தகவலைப் பெறுகிறார். வலப்புறச் சொல்லை இப்படி முன்கூட்டியே காணும் அந்த முன்னோட்டத்தை ஆராய, உளவியலாளர் கீத் ரேனர் 1975இல் முன்வைத்த எல்லைக்கோட்டு முறையைப் பயன்படுத்தலாம். இலக்குச் சொல்லுக்கு முன் கண்ணுக்குப் புலப்படாத கோடு ஒன்று இருக்கும். கண் அதைத் தாண்டும் வரை அங்கே வேறொரு சொல் நிற்கும், தாண்டியதும் உரிய சொல் வந்துவிடும். கண் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும்போது பார்வை மங்குவதால் மாற்றம் பொதுவாகப் புலப்படாது. ஆனால் தாவல் மில்லிநொடிக் கணக்கில் முடிந்துவிடுவதால், விநாடிக்கு 1000 முறை பதியும் கருவியும் விரைவாகப் புதுப்பிக்கும் திரையும் தேவை. மாற்றம் தாமதமாக நிகழ்ந்த வாக்கியங்களை நீக்கிவிடுங்கள்.

பகுப்பாய்வில் இலக்குச் சொல்லில் கண் முதன்முதலில் நின்ற முதல் நிலைப்பு நேரம், முதல் வாசிப்பில் அச்சொல்லில் கண் தங்கிய மொத்த நேரம், பின்னர் திரும்பி வந்ததையும் சேர்த்த முழு நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடுங்கள். 80 மில்லிநொடிக்கும் குறைவான நிலைப்புகளை விலக்குவது வழக்கம். வாசகர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் வாக்கியங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் ஒருசேரக் கணக்கிலெடுக்கும் கலப்பு மாதிரியே இதற்குப் பொருத்தமானது. குறுகிய சொற்களைக் கண் பலமுறை தாண்டிச் சென்றுவிடும். தாண்டப்பட்ட சொல்லுக்கு நிலைப்பு நேரம் இல்லாததால், தாண்டல் விகிதத்தைத் தனியே தராமல் நேர அளவை மட்டும் தரும் அட்டவணை பாதிக் கணக்கே.