ஸ்ட்ராபெரி பறிப்பதும் வீடு கொண்டுவந்து சேர்ப்பதும்

முதல் முறை மகாராஷ்டிராவின் மலை ஊரான மகாபலேஷ்வர் போய் இரண்டு கிலோ ஸ்ட்ராபெரி பறித்துத் துணிப்பையில் கொட்டி, காரின் டிக்கியில் வைத்துப் புனே திரும்பினேன். மேலே சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடந்த பழம், பசர்ணி மலைப்பாதை இறங்கி வாயி ஊரைத் தொடும்போதே வியர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் பையைத் திறந்தபோது அடியில் இருந்ததெல்லாம் கூழ். பழத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தப்பெல்லாம் என்னுடையது. அந்த அரைக் கிலோ கூழ் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சதாரா மாவட்டத்தின் மகாபலேஷ்வர், பஞ்சகனிப் பக்கம் நவம்பர் கடைசியில் பழம் வரத் தொடங்கும். மார்ச், ஏப்ரல் வரை கிடைக்கும். 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. சில தோட்டங்களில் நாமே பறித்து, எடை போட்டுக் காசு கொடுக்கலாம். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ நுவரெலியாவிலோ பறிப்பவர்களுக்கும் செய்முறை இதேதான்.

1. காலையில் போங்கள்

பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். ஈரப் பழம் பூஞ்சணத்துக்கு விருந்து. வெயிலில் சூடேறிய பழம் கை பட்டாலே கன்றிவிடும். முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னொரு நாள் போவது நல்லது.

2. தோள் வரை சிவந்ததை மட்டும் எடுங்கள்

புதிதாகப் பறிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கலாம். வாழைத்தாருக்கு மூட்டம் போடலாம். அந்தப் பழக்கத்தில் "வீட்டில் இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும்" என்று அரைவெள்ளைப் பழங்களைக் கூடையில் போடுகிறோம். ஸ்ட்ராபெரி செடியை விட்டு வந்தபின் இனிப்பதில்லை. நிறம் கொஞ்சம் கூடலாம், மெத்தென்றும் ஆகலாம். பறித்தபோது எவ்வளவு இனிப்போ, அவ்வளவுதான்.

ஆகவே இலையை விலக்கிவிட்டுப் பழத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே தெரியும் பக்கம் சிவந்து, மண்ணைப் பார்த்த பக்கம் வெளிறியிருக்கும். காம்பை ஒட்டிய தோள்பகுதியில் வெள்ளை வளையம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டொரு நாளில் வேறு யாருக்காவது பயன்படும். மினுமினுப்பும் மணமும் இருக்க வேண்டும். அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். என் அனுபவத்தில் கட்டைவிரல் நுனி அளவுப் பழம்தான் பல முறை வாய்க்கு ருசியாக இருந்திருக்கிறது.

3. இழுக்காமல் கிள்ளுங்கள்

பழத்தைப் பிடித்து இழுத்தால் தலையில் இருக்கும் பச்சை இலைக்கொத்து செடியோடு நின்றுவிடும். பழத்தில் ஓட்டை விழும். அந்தக் காயம் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. பழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுங்கள். ஒரே கையில் நாலைந்து பழங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பறிப்பதும் வேண்டாம். பாத்தியில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் மூடாக்கை மிதிக்காமல் நடங்கள். தோட்டக்காரர் முறைப்பார், நியாயம்தான்.

4. ஆழமில்லாத பாத்திரம், குளிர்ந்த பயணம்

அகலமான டப்பாவில் இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் அடிப்பழம் தன் சகோதரர்களின் எடையிலேயே நசுங்கும். டப்பாவை டிக்கியில் வைக்காமல் ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் வையுங்கள். ஐஸ் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஐஸ் பழத்தில் படாமல் இடையில் மடித்த செய்தித்தாள் வையுங்கள். பறித்த ஓரிரு மணி நேரத்தில் சூடு தணிவது மிக முக்கியம். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் பழத்தை வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

5. வீட்டில் முதல் வேலை கழுவுவதல்ல, பிரிப்பது

பெரிய தட்டில் பரப்புங்கள். நசுங்கியதை அன்றே சாப்பிடுங்கள். சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்ததைத் தூக்கிப்போடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம், மெத்தென்ற பழத்தில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அதை ஒட்டிக் கிடந்த பழங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். போட்ரைட்டிஸ் என்னும் இந்தப் பூஞ்சணம் ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், மெதுவாக.

நல்ல பழங்களைக் காம்போடு, கழுவாமல், டிஷ்யூ தாள் விரித்த டப்பாவில் ஒரே அடுக்காக வைத்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல மூடுங்கள். இறுக்கி மூடினால் உள்ளே நீர் கோக்கும். திறந்தே விட்டால் பழம் வற்றிச் சுருங்கும். தாள் நனைந்தால் மாற்றுங்கள். ஃபிரிட்ஜின் பின்சுவரில் ஒட்டாமல் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாக்குப்பிடிக்கும்.

வினிகரில் கழுவி வைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு கப் வெள்ளை வினிகருக்கு மூன்று கப் தண்ணீர் கலந்து, சில நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் பூஞ்சணம் குறையும். ஆனால் பிறகு ஒரு பொட்டு ஈரமில்லாமல் உலர்த்தப் பொறுமை இல்லையென்றால், கழுவாமல் விடுவதே மேல்.

6. கழுவுவது சாப்பிடும்போது

காம்போடு கழுவி, அப்புறம் காம்பை எடுங்கள். முதலில் காம்பை எடுத்தால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறிப் பழம் சப்பென்று ஆகும்.

7. மிஞ்சினால் ஃப்ரீசர், அல்லது ஜாம்

கழுவி, உலர்த்தி, காம்பு நீக்கித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய விடுங்கள். கல்லாக இறுகியபின் பைக்கு மாற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். இந்தத் தட்டு வேலையைத் தவிர்த்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். பிறகு சுத்தியல்தான் தேட வேண்டும். -18 டிகிரி செல்சியஸில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும். உறைநிலை விலகியதும் குழைந்துவிடும் என்பதால், அப்படியே மில்க்‌ஷேக்குக்குப் போடுங்கள்.

என் சொல்லையும் கேட்காமல் நீங்கள் பறித்து வந்திருக்கும் அந்த வெள்ளைத் தோள் பழங்கள்? அவற்றை ஜாமுக்கு வையுங்கள். ஜாம் இறுகத் தேவையான பெக்டின் முழுதும் பழுத்ததைவிடச் செங்காயில் கூடுதல். மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு செங்காய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் போதும்.