650 ரூபாய் வாட்ச், பழைய முகம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பெரியப்பாவின் எச்.எம்.டி. ஜனதா இப்போது என் மேசையில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வாத்தியாராக இருந்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிய வாட்ச். அதை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான், 650 ரூபாய்க்கு வாங்கும் புது வாட்சைப் பழசுபோலத் தெரியவைக்கும் இந்த வேலையே எனக்குப் பிடிபட்டது. வாட்ச் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பழசாவதில்லை. பின்மூடியின் ஓரத்திலும், பெல்ட் மாட்டும் கால்களின் அடியிலும் வியர்வை தங்கித் தங்கி, குரோம் போய்ப் பித்தளை தெரிகிறது. கண்ணாடியைச் சுற்றிய வளையம் மட்டும் இன்னமும் மினுங்குகிறது. டயல் பாலாடை நிறத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அதில் ஒரு கீறல் கிடையாது.

உப்புத்தாள் எடுத்து வாட்ச் முழுக்கத் தேய்த்தால் அது அடிபட்ட வாட்சாகத் தெரியும், பழைய வாட்சாகத் தெரியாது. என் முதல் வாட்சை நான் அப்படித்தான் வீணாக்கினேன். அதனால் எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்கும்போதே பாதி வேலை

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து ஆண்கள் வாட்ச் பெரும்பாலும் 34, 36 மி.மீ. அகலம்தான். இன்று கடையில் கண்ணில் படுவது 42, 44. என்ன செய்தாலும் பெரிய வாட்ச் பழசாகத் தெரியாது, எனவே 36-ஐத் தாண்டாதீர்கள். பெல்ட் மாட்டும் இடைவெளி 18 மி.மீ. இருந்தால் பெல்ட் சுலபமாகக் கிடைக்கும். வெள்ளை டயலை வாங்கி மஞ்சளாக்கலாம் என்று நினைக்க வேண்டாம், முதலிலேயே கிரீம் நிற டயலாகப் பாருங்கள்.

நொடி முள் இல்லாத வாட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. சாவி கொடுக்கிற பழைய வாட்ச் பலவும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. முள் வழுக்கிக்கொண்டு போகும். செல் போட்ட வாட்சில் உள்ளிருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்தாலும் முள் நொடிக்கு ஒருமுறைதான் குதிக்கும். அந்தக் குதி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

பெல்ட்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாட்சின் கால்களில் செலோடேப் ஒட்டிக்கொண்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பெல்ட்டைத் தாங்கும் ஸ்பிரிங் பின்னை உள்பக்கம் அழுத்தினால் பழைய பெல்ட் கழன்றுவிடும். பின் தெறித்து ஓடும், ஒரு துணி விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள்.

புதுப் பெல்ட் பஞ்சு வைக்காத, தட்டையான, இளம் பழுப்புத் தோலாக இருக்கட்டும். வெஜிடபிள் டேன் தோல்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்துவது நம் பக்கத்துப் பழைய முறை. அந்தத் தோல் வெயிலையும் வியர்வையையும் குடித்து நிறம் ஏறும். குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் அப்படி மாறாது.

ஒரு வாரம் தினமும் இரண்டு மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். பிறகு இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மேலே தடவுங்கள். அன்றே ஒரு படி கருத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றில் தோல் வறண்டு வெடிக்கும், அப்போது இந்த எண்ணெய் கட்டாயம் வேண்டும். மழைக்காலத்தில் எண்ணெய் தொடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

கண்ணாடி

இதைக் கடையில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். நான் பொள்ளாச்சியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய், டயலைப் பழசாக்க வேண்டும் என்றேன். கடைக்கார அண்ணன் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க தம்பி, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க" என்றார். தட்டைக் கண்ணாடியை எடுத்துவிட்டு, நடுவில் லேசாகப் புடைத்த பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை அளவு பார்த்து அழுத்தினார். சாய்த்துப் பார்த்தால் ஓரத்து எண்கள் வளைந்து தெரிந்தன. நான் டயலில் தேடியது அந்த வளைவில் இருந்தது. பிளாஸ்டிக்கில் கீறல் விழத்தான் செய்யும். துளி டூத்பேஸ்ட் வைத்து மெல்லிய துணியால் ஐந்து நிமிஷம் தேய்த்தால் சின்னக் கீறல் போய்விடும்.

உடம்பு

கண்ணாடி மேலும், மணி திருத்தும் சாவி மேலும் டேப் ஒட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் சின்னத் துண்டு வெட்டி, கால்களின் முனையிலும் பக்கவாட்டிலும் ஒரே திசையில் இழுங்கள். மேல் வளையத்தைத் தொட வேண்டாம். பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டீல் என்றால் பளபளப்பு மங்கும், அவ்வளவே. முலாம் பூசியது என்றால் உள்ளே மஞ்சள் தெரியலாம். சாம்பல் நிறம் தெரிந்தால் அது மட்டமான உலோகம், உடனே நிறுத்திவிடுங்கள். குரோமுக்குக் கீழே பெரும்பாலும் நிக்கல் இருக்கும். நிக்கல் பட்டால் அரிக்கிறவர்கள் கையில் படும் பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் புள்ளிகள்

பச்சைப் புள்ளியும் பச்சை முள்ளும் புதுசு என்று கத்தும். அந்தப் பச்சையை மங்கவைக்கக் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ, போதும். இரண்டு கரண்டி டீத்தூளை அரை டம்ளர் தண்ணீரில் சுண்டக் காய்ச்சி ஆற விடுங்கள். பின்மூடியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்; அதில் மழுங்கிய கத்தி வைத்து நெம்பினால் திறக்கும். டயலோடு மிஷினை வெளியே எடுக்கச் சாவியைக் கழற்ற வேண்டும், அதை முதல் தடவை ரிப்பேர்காரர் கையால் செய்யச் சொல்லிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பூஜ்ஜிய நம்பர் மெல்லிய பிரஷ்ஷில் அந்த டீச் சாயத்தைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, புள்ளியின் நடுவில் மட்டும் வையுங்கள். காய்ந்தபின் இன்னொரு தடவை. மூன்று தடவையில் பழுத்த எலுமிச்சை நிறம் வரும். வழவழப்பான டயலில் சொட்டினால் சாயம் உருண்டு நிற்கும், காயுமுன் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இதை உண்மையான பழைய வாட்சில் செய்யாதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி செத்துப்போனாலும் ரேடியம் சாகாது, அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். சுரண்டினால் தூசி மூக்கில் போகும்.

மூடுவது

நான் ஜூன் மழையில் மூடினேன். மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி கட்டி, முள் தெரியவில்லை. வெயில் காய்கிற நாளில் மூடுங்கள். பின்மூடி ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, அது முறுக்காமல் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்து அழுத்துங்கள். 30 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று பின்னால் எழுதியிருந்தாலும் இனி கையைக் கழுவும்போது கழற்றி வைப்பதே நல்லது.

டயலில் எச்.எம்.டி. என்றோ வேறு பழைய பெயரோ எழுதாதீர்கள், பழைய வாட்ச் என்று யாருக்கும் விற்காதீர்கள். பெரியப்பா வாட்சின் பின்மூடிக்குள், ரிப்பேர் செய்தவர்கள் ஊசியால் கீறிய இரண்டு தேதிகள் இருக்கின்றன. நீங்களும் மூடுமுன் உள்பக்கத்தில் இன்றைய தேதியையும், கண்ணாடி, பெல்ட், புள்ளி என்று மாற்றியவற்றையும் மெல்லிய மார்க்கரால் எழுதிவிட்டு மூடுங்கள்.